ஒரே பாடமா, மூன்று பதிப்பா? பலதரப்பட்டவர்களுக்குப் பயிற்சி தயாரிப்பது பற்றி

நிலாமதி:

வணக்கம். எங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்யும் மென்பொருளை மாற்றுகிறார்கள். பயிற்சி தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வந்து உட்காரப்போகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பழைய மென்பொருளில் பல வருடம் ஊறியவர்கள் இருக்கிறார்கள். இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வெளியே சுற்றுகிற களப்பணியாளர்கள் கைப்பேசியில் மட்டும்தான் பார்ப்பார்கள். பார்வையற்ற ஊழியர் ஒருவர், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்து வேலை செய்கிறார். தட்டச்சே தடுமாறுகிறவர்களும் உண்டு.

மேலிடத்திலிருந்து ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார்கள். படம் பார்த்தால் புரியுமா, சொல்லக் கேட்டால் புரியுமா, செய்து பார்த்தால் புரியுமா என்கிற ரகம். எல்லாரிடமும் நிரப்பி வாங்கி, ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரே பாடத்தைக் காணொளி, ஒலி, செயல்முறை என்று மூன்று பதிப்பாகச் செய்ய வேண்டுமாம். யாராவது இப்படிச் செய்திருக்கிறீர்களா? எங்கே ஆரம்பிப்பது?

திண்ணைவாசி:

நல்ல யோசனைதான். இதற்குப் பெயர் வார்க் முறை. நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங் கொண்டுவந்தது. பார்ப்பது, கேட்பது, படிப்பது எழுதுவது, செய்வது என்று அதில் நான்கு வகை உண்டு. உங்கள் மேலிடம் மூன்றாகச் சுருக்கியிருக்கிறது. நான் வகுப்பெடுக்கும் இடங்களில் கண்கூடாகப் பார்க்கிறேன். ஒருவர் கையேட்டைத் திறக்கவே மாட்டார், இன்னொருவர் கையேடு இல்லாமல் சுட்டியைத் தொடமாட்டார். இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்தால் எப்படி?

அளவுகோல்:

நிலாமதி, அந்தக் கேள்வித்தாளை ஓரமாக வையுங்கள். ஆட்கள் பலவிதம் என்பது சரி. இந்த விதத்தில் பிரித்தால் பலன் உண்டா என்பதுதான் கேள்வி.

2004இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவரோடு இருந்தவர்களும் இந்தக் 'கற்றல் பாணி' சமாச்சாரத்தைத் துருவிப் பார்த்தார்கள். 71 வகைப்பாடுகள் கிடைத்தன. அதிலிருந்து 13ஐ எடுத்து ஆழமாக ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றுக்கு அடித்தளம் பலமாக இல்லை. பிறகு 2008இல் ஹெரால்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் நேரான ஒரு சோதனையை முன்வைத்தார்கள். 'பார்த்துக் கற்பவர்' என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் படமாகவும் பாதிப் பேருக்குப் பேச்சாகவும் கொடு. 'கேட்டுக் கற்பவர்'களுக்கும் அப்படியே செய். எல்லாருக்கும் ஒரே தேர்வை வை. முதல் குழு படத்தில் ஜெயித்து, இரண்டாவது குழு பேச்சில் ஜெயித்தால்தான் ஆளுக்கேற்றபடி பிரித்துக் கற்பித்ததால் லாபம் என்று சொல்ல முடியும். அப்படிக் காட்டிய தரமான ஆய்வுகள் ஏறக்குறைய இல்லை என்பதே அவர்கள் கண்டது.

திண்ணைவாசி:

ஆய்வு அறை வேறு, வகுப்பறை வேறு சார். எல்லாரும் ஒரே மாதிரி என்கிறீர்களா?

அளவுகோல்:

இல்லவே இல்லை. விருப்பம் இருக்கிறது, மறுக்கவில்லை. விருப்பப்படி கொடுத்தால் கூடுதலாகக் கற்றுக்கொள்வார்கள் என்பதைத்தான் மறுக்கிறேன். ஆய்வு அறை வேண்டாம் என்றால் நிஜ வகுப்பையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் உடற்கூறியல் படித்த கல்லூரி மாணவர்களை ஹஸ்மன், ஓலாக்லின் இருவரும் தொடர்ந்து பார்த்தார்கள். கட்டுரை 2019இல் அச்சில் வந்தது. மாணவர்களுக்கு வார்க் கேள்வித்தாள் கொடுத்து, நீ இந்த வகை, இப்படிப் படி என்று சொல்லியாயிற்று. பெரும்பாலானவர்கள் அப்படிப் படிக்கவே இல்லை. படித்தவர்களும் மற்றவர்களை விடக் கூடுதல் மதிப்பெண் வாங்கவில்லை.

எதைப் படமாகக் காட்டுவது, எதைக் காதில் போடுவது என்பதை உள்ளே இருக்கும் விஷயம் முடிவு செய்யட்டும். இயந்திரம் வழக்கத்துக்கு மாறாக ஒலி எழுப்புவதைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டுமென்றால் எல்லாருக்கும் ஒலிதான் வேண்டும். 'நான் பார்த்துக் கற்பவன்' என்று சொல்கிறவருக்கு அந்த ஒலியைப் படமாக வரைந்து கொடுப்பீர்களா?

புதியவன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். படித்ததில் 10%, கேட்டதில் 20%, பார்த்ததில் 30%, செய்ததில் 90% நினைவில் நிற்கும் என்று ஒரு பிரமிடு உண்டே? அதன்படி பார்த்தால் எல்லாருக்கும் செயல்முறை மட்டும் போதுமே?

அளவுகோல்:

அந்தப் பிரமிடு இன்னும் சாகவில்லையா! எட்கர் டேல் 1946இல் கற்பிக்கும் வழிகளை அடுக்கி அனுபவக் கூம்பு என்று ஒன்றை வரைந்தார். அதில் சதவீதமே கிடையாது. எண்களைப் பிற்பாடு யாரோ ஒட்டவைத்தார்கள். உண்மையான அளவீட்டில் எல்லாம் இப்படிப் பத்துப் பத்தாக அழகாக ஏறுமா, நீங்களே சொல்லுங்கள்.

பட்டறை மணி:

நான் புத்தகம் படித்துப் பயிற்சியாளர் ஆனவன் இல்லை. கடைசல் பட்டறையில் ஆட்களைத் தயார் செய்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் காலையில் யாரிடமும் எந்தப் படிவமும் வாங்க மாட்டேன். நுணுக்கமாக அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றையும் ஒரு உலோகப் பின்னையும் கையில் கொடுத்து அளந்து சொல்லச் சொல்வேன். பதில் எனக்கு அவ்வளவு முக்கியம் இல்லை, கையைப் பார்ப்பேன். பழக்கம் உள்ளவர் அளப்பதற்கு முன்னால் தாடைகளை மூடி, இரண்டு சுழியும் ஒன்றுக்கொன்று நேராக நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். துணியால் தாடையைத் துடைப்பார். அளவைச் சாய்க்காமல் வைப்பார். பாதி தெரிந்தவர் நேரே பின்னைக் கவ்வி முதன்மை அளவை மட்டும் சரியாகப் படித்துவிட்டு, வெர்னியர் கோடு எது பொருந்துகிறது என்று தேடும்போது திணறுவார். ஒன்றும் தெரியாதவர் அதைத் தலைகீழாகப் பிடிப்பார். அஞ்சு நிமிஷத்தில் மூன்று குழு தானாகப் பிரிந்துவிடும். கண்ணால் கற்பவனா காதால் கற்பவனா என்று கேட்டிருந்தால் இதில் எதுவுமே தெரிந்திருக்காது.

அப்புறம் பாடம் மாறும். தலைகீழாகப் பிடித்தவருக்கு நான் செய்து காட்டி, ஒவ்வொரு அசைவையும் வாய்விட்டுச் சொல்வேன். பாதி தெரிந்தவருக்குப் பத்துப் பதினைந்து பின் கொடுத்து வெர்னியர் கோட்டை மட்டும் படிக்கச் சொல்வேன். தெரிந்தவருக்கு வேலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பக்கத்தில் நின்று விளக்கினால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

அளவுகோல்:

மணி அண்ணா சொன்னதற்கு ஆய்வு ஆதாரம் நிறைய இருக்கிறது. ஜான் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் காட்டினார்கள்: புதியவர்களுக்குக் கணக்கைக் கொடுத்து 'நீயே போடு' என்பதை விட, முழுதாகப் போட்ட கணக்கைக் காட்டிப் படிக்கவைப்பது மேல். ஏனென்றால் மனசுக்குள் ஒரே நேரத்தில் வைத்துப் புரட்டக்கூடிய விஷயங்கள் கொஞ்சம்தான். புதியவருக்கு அந்த இடம் வழி தேடுவதிலேயே நிரம்பிவிடுகிறது, கற்றுக்கொள்ள மிச்சம் இருப்பதில்லை.

சுவாரசியமான பகுதி இனிமேல்தான். 2003இல் ஸ்லாவா கல்யுகாவும் ஸ்வெல்லரும் இன்னும் இருவரும் சேர்ந்து பல சோதனைகளைத் தொகுத்தபோது, அதே முழு விளக்கம் விவரம் தெரிந்தவர்களுக்குப் பயனில்லாமல் போகிறது, சில சமயம் கெடுதலே செய்கிறது என்று தெரிந்தது. தெரிந்த விஷயத்தை விளக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவர்களின் கவனம் வீணாகிறது. ஆக, ஆளுக்கு ஆள் பாடம் மாற வேண்டும்தான். ஆனால் ஏற்கெனவே என்ன தெரியும் என்பதை வைத்து மாற வேண்டும்.

நிலாமதி:

மணி அண்ணா, அந்தப் பின் சோதனை பிரமாதம். ஆனால் அலுவலகத்தில் அதைச் செய்வது சுலபம் இல்லை. பல வருடம் வேலை பார்த்தவர்களுக்கு முதல் நாளே தேர்வு வைத்தால் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்வார்கள். அதோடு, எங்கள் விஷயத்தில் பழையவர்கள் 'தெரிந்தவர்கள்' தானா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஓர் உதாரணம். பழைய மென்பொருளில் புகாரைத் தீர்த்ததும் 'முடி' பொத்தானை அழுத்துவோம், கதை முடிந்தது. புதியதில் 'முடி' என்பது வேலை முடிந்தது என்று வாடிக்கையாளருக்குத் தகவல் மட்டும் அனுப்பும். அவர் ஒப்புக்கொண்ட பிறகு நாம் திரும்பி வந்து 'உறுதி' அழுத்தினால்தான் புகார் கணக்கிலிருந்து போகும். சோதனை ஓட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் இதை ஒழுங்காகச் செய்தார்கள். அனுபவசாலிகள்தான் 'முடி' அழுத்திவிட்டு அடுத்த புகாருக்குப் போய்விட்டார்கள். பட்டியலில் திறந்த புகார்கள் குவிந்து கிடந்தன.

பட்டறை மணி:

இதைத்தான் கை பழகிவிட்டது என்போம். பழைய இயந்திரத்தில் நெம்புகோல் மேலே தள்ளினால் நிற்கும், புதியதில் மேலே தள்ளினால் ஓடும் என்றால், பழைய ஆள்தான் விரலைக் கொடுப்பான்.

அளவுகோல்:

நிலாமதி, இந்த இழையிலேயே முக்கியமான தகவல் நீங்கள் இப்போது சொன்னதுதான். பழையவர்களுக்குப் பாடத்தைச் சுருக்கிக் கொடுத்தால் போதாது. அவர்களுக்கு வேறு பாடமே வேண்டும். திரை அறிமுகம், புகாரை எந்த வகையில் சேர்ப்பது என்கிற விளக்கம் எல்லாம் அவர்களுக்குத் தேவையில்லை. பழைய பழக்கம் காலை வாரும் இடங்கள் மட்டும் போதும். 'முடி' மாதிரி இன்னும் எத்தனை இடம் இருக்கிறது என்று தேடி எடுங்கள். அந்த இடங்களில் அவர்களைத் தவறு செய்யவிட்டு, அங்கேயே பிடித்து, மறுபடி செய்யவையுங்கள். புதியவர்களுக்கு 'முடி' பொத்தானில் தனியாக எந்த எச்சரிக்கையும் வேண்டாம், அவர்களைக் குழப்பத்தான் செய்யும்.

திண்ணைவாசி:

இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிட்டுப் பேசுகிறோம். பெரியவர்களுக்குக் கற்பிப்பதில் பாதிச் சிக்கல் மனசில் இருக்கிறது. இதை ஏன் நான் கற்க வேண்டும் என்கிற கேள்விக்குப் பதில் கிடைக்காத வரை அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கேட்கமாட்டார்கள். மால்கம் நோல்ஸ் முதியோர் கல்வி பற்றி எழுதியதில் இந்த ஒரு விஷயம் எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது. 'உறுதி' அழுத்தாவிட்டால் அந்தப் புகார் மாதக் கடைசியில் உங்கள் பெயரில்தான் நிலுவையாக நிற்கும் என்று முதல் நிமிடமே சொல்லிப் பாருங்கள். நிமிர்ந்து உட்காருவார்கள்.

தேர்வு என்று பெயர் வைக்காதீர்கள் என்பதும் என் கட்சி. 'இந்த நாலு புகாரையும் பதிந்து பார்த்து, மென்பொருளில் எது இடிக்கிறது என்று எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அனுபவசாலிக்குக் கருத்துக் கேட்ட மரியாதையும் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியதும் கிடைக்கும்.

நிலாமதி:

அது நடக்கும்! நிஜமாகவே குறைகளும் தெரியவரும்.

செவிவழி:

நான் பார்வையற்றவன், ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் இந்த இழையையும் படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பதிவில் வந்த 'பார்வையற்ற ஊழியர் ஒருவர்' என்கிற வரியைப் பிறகு யாருமே தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இந்த மாதிரிப் பிரிவினையில் என்னை யோசிக்காமல் 'கேட்டுக் கற்பவர்' பட்டியலில் தள்ளிவிடுவார்கள். ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. எனக்கு ஒலிப்பதிவு பிடிக்காது. நடுவில் ஒரு படியை மறந்துவிட்டால் முன்னும் பின்னும் இழுத்துத் தேட வேண்டும். தலைப்புகள் ஒழுங்காகக் குறிக்கப்பட்ட எழுத்து ஆவணம் கொடுத்தால் ஒரு விசையில் தலைப்புக்குத் தலைப்பு தாவி, வேண்டிய படிக்குப் போய்விடுவேன். பாணி கீணி எல்லாம் கிடக்கட்டும், உள்ளே நுழைய வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எங்கே கதவடைப்பு நடக்கிறது என்றால், கையேட்டை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்குவார்கள். என் கணினிக்கு அது வெறும் படம், ஒரு எழுத்தும் வாசிக்காது. காணொளியில் பயிற்றுநர் 'இதோ இங்கே அழுத்தி, அப்புறம் இதை இங்கே மாற்றி' என்பார். எது இங்கே? பொத்தானின் பெயரைச் சொன்னால் போதும், எனக்குப் புரிந்துவிடும். கைப்பேசிச் சிறு திரையில் பார்க்கும் உங்கள் களப்பணியாளருக்கும் அது உதவும். 'சிவப்பில் உள்ளவை நிலுவை' என்பது நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு உதவாது, பக்கத்தில் 'நிலுவை' என்று எழுதியும் வையுங்கள். வினாடிவினாவில் பெட்டியை இழுத்துப் பொருத்தச் சொல்வது இன்னொன்று. விசைப்பலகையால் இழுக்க வழி வைக்காவிட்டால், பாடம் தெரிந்தும் நான் தோற்றுப்போவேன்.

அமெரிக்காவில் காஸ்ட் என்ற அமைப்பு 1984இல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கணினி வழியாகக் கற்க உதவுவதில் தொடங்கியது. போகப்போக, குறை மாணவரிடம் இல்லை, பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்களின் அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு அங்கிருந்து வந்ததுதான். ஆளை வகைப்படுத்தி ஆளுக்கொரு பாடம் செய்யாமல், ஒரே பாடத்துக்குள் பல வழி திறந்து வைத்துவிட்டு எதில் நுழைவது என்பதை அவரவரிடம் விடுவது.

திண்ணைவாசி:

பார்த்தீர்களா, பல வழி வேண்டும் என்று நானும் முதலிலிருந்து அதைத்தானே சொன்னேன்!

செவிவழி:

இல்லை ஐயா. நீங்கள் ஆளுக்கு ஒரு வழியை ஒதுக்கச் சொன்னீர்கள். எல்லா வழியும் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என் பேச்சு. இன்றைக்குக் கூட்ட நெரிசலில் காதில் கேட்பவர், நாளைக்கு மேசையில் உட்கார்ந்து படிப்பார்.

கணக்குப்பிள்ளை:

செலவைப் பற்றி யாரும் பேசவில்லையே. மூன்று பதிப்பு என்றால் இன்று மூன்று பங்கு வேலை. அதோடு நிற்காது, மென்பொருள் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று பங்கு வேலை. திரையில் ஒரு பொத்தான் இடம் மாறினால் காணொளியைத் திரும்ப எடுக்க வேண்டும். எழுத்து ஆவணத்தில் ஒரு வரி திருத்தினால் போதும். ஆறு மாதத்தில் மூன்று பதிப்பும் மூன்று விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். மேலிடத்திடம் பேசும்போது கற்றல் பாணி ஆய்வை எடுக்காதீர்கள், இதை எடுங்கள். உடனே காதில் ஏறும்.

அளவுகோல்:

:-) வழிமொழிகிறேன். பராமரிப்பை நினைத்தால், மாறாத விஷயங்களுக்கு மட்டும் காணொளி எடுப்பது நல்லது. புகார் எப்படி நகர்கிறது என்கிற ஓட்டம் மாறாது, பொத்தான் மாறும்.

இன்னொன்று. பயிற்சி முடிந்ததும் 'பிடித்திருந்ததா' என்று படிவம் கொடுத்து, நாலரை நட்சத்திரம் வந்தால் வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே மதிப்பீட்டை நான்கு படியாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, விளைவு உண்டா. பெரும்பாலான இடங்களில் முதல் படியோடு கடையை மூடிவிடுகிறார்கள்.

கற்றவருக்கே தான் கற்றது எவ்வளவு என்று சரியாகத் தெரியாது. ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் செய்த சோதனையில், ஒரு குழு ஒரு பகுதியைப் படித்துவிட்டு மறுபடியும் படித்தது. இன்னொரு குழு படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்கள் முன்னால்: 81%, மற்றவர்கள் 75%. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42%, எழுதிப் பார்த்தவர்கள் 56%. பயிற்சி அறையை விட்டு வெளியே வரும்போது கேட்டால் நீங்கள் பார்ப்பது அந்த ஐந்து நிமிட எண்ணைத்தான். 'உறுதி' அழுத்தாமல் கிடக்கும் புகார்களின் பட்டியலை ஒரு மாதம் கழித்து எடுங்கள். அதுதான் உங்கள் மதிப்பெண்.

நிலாமதி:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு என் திட்டம் இப்படி இருக்கிறது, குறை சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்னால் நாலு மாதிரிப் புகார்களை எல்லாருக்கும் அனுப்பி, பதிந்து பார்த்து எங்கே இடிக்கிறது என்று கேட்கிறேன். அதை வைத்து இரண்டு வழி. புதியவர்களுக்கு, ஒருவருக்கு ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் பிடித்துவிட்டார்கள் என்கிற புகாரை முதலிலிருந்து கடைசி வரை பதிந்து காட்டுவது. அடுத்த புகாரில் கடைசி இரண்டு படியை அவர்களே செய்வது, அதற்கடுத்ததில் பாதி, பிறகு முழுதும். பழையவர்களுக்குப் பழக்கம் தடுக்கும் இடங்கள் மட்டும். இதுவரை ஐந்து கிடைத்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே எழுத்து ஆவணம், தலைப்புகளோடு. கைப்பேசியிலும் அதேதான். காணொளி ஒன்றே ஒன்று, புகாரின் ஓட்டத்தைப் பற்றி, எழுத்து வசனத்தோடு. தட்டச்சில் தடுமாறுகிறவர்களுக்கு முன்கூட்டியே தனி நேரம், ஏனென்றால் அவர்களின் சிக்கல் மென்பொருள் இல்லை, தட்டச்சுதான்.

பட்டறை மணி:

இரண்டு குழுவையும் கடைசி வரை பிரித்தே வைக்காதீர்கள் அம்மா. கடைசி ஒரு மணி நேரம் ஜோடி போட்டு உட்காரவையுங்கள். பழையவருக்கு இந்த வாடிக்கையாளர் இப்படிப் பேசினால் உள்ளே விஷயம் என்ன என்று தெரியும். புதியவருக்குப் பொத்தான் தெரியும். ஒருத்தரிடம் இருப்பது இன்னொருத்தரிடம் இல்லை.

அளவுகோல்:

எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. ஜோடி போட்டால் வேகமானவர் சுட்டியைப் பிடுங்கிக்கொள்வார், மற்றவர் வேடிக்கை பார்ப்பார்.

பட்டறை மணி:

சுட்டி எப்போதும் தெரியாதவர் கையில். தெரிந்தவர் வாயால் மட்டும் சொல்லலாம். என் பட்டறையில் இதை மீறினால் அன்றைக்குத் தரை கூட்டுவது அவர்தான்.

நிலாமதி:

தரை கூட்டச் சொன்னால் என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் :-) ஆனால் சுட்டி விதியை எடுத்துக்கொள்கிறேன். செவிவழி, ஆவணத்தை வெளியிடும் முன் ஒருமுறை உங்கள் ஸ்கிரீன் ரீடரில் ஓட்டிப் பார்த்துச் சொல்ல முடியுமா?

செவிவழி:

கட்டாயம், அனுப்புங்கள். ஆனால் முதலில் உங்கள் அலுவலகத்திலேயே இருக்கும் அந்த ஊழியரைக் கேளுங்கள். தினமும் அதை வைத்து வேலை செய்யப்போகிறவர் அவர். மென்பொருளின் 'உறுதி' பொத்தானையே ஸ்கிரீன் ரீடர் வாசிக்கிறதா என்று அவரை வைத்துப் பார்த்துவிடுங்கள். வாசிக்காவிட்டால் ஆவணம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை, மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களிடம்தான் போக வேண்டும்.

நிலாமதி:

இப்போதுதான் அவரிடம் கேட்டேன். 'பொத்தான்' என்று மட்டும் வாசிக்கிறதாம், எந்தப் பொத்தான் என்று சொல்லவில்லையாம். மென்பொருள் குழுவுக்கு எழுதப் போகிறேன்.